மஞ்சள் துணியில் முடிந்த குறடு

அக்காவின் கீழ்த்தாடை மேல்தாடையைத் தாண்டி வெளியே நிற்கும். பல்லோடு பல் சேராது. முறுக்கைக்கூடக் காப்பியில் ஊறவைத்துத்தான் தின்பாள். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸுக்கு அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் பலகாரத்தை முடித்துவிட்டு, "சொல்லி அனுப்புறோம்" என்று போனார்கள். ஒருத்தரும் சொல்லி அனுப்பவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு வெள்ளைக்கார டாக்டர், தாடையெலும்பை இரண்டு பக்கமும் அறுத்துப் பின்னால் தள்ளிவிடலாம் என்றாராம். ஏழு வயதில் எனக்குத் தெரிந்த அறுப்பு விறகுக்கடை அறுப்புதான். அக்கா ஆஸ்பத்திரிக்குப் போன நாளிலிருந்து என் தாடையை நானே பொத்திக்கொண்டு தூங்கினேன்.

பத்து நாள் கழித்து வந்தாள். முகம் வீங்கி, மேல்பல்லும் கீழ்ப்பல்லும் கம்பியால் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. கடைவாய் இடுக்கில் குழாய் விட்டுக் கஞ்சித் தண்ணீர். பேச்சு கிடையாது. கூட வந்த டிரெசர், காயத்துக்குக் கட்டுப்போடும் ஆஸ்பத்திரி ஆள், ஒரு சின்ன வெட்டுக்குறட்டை அம்மாவிடம் கொடுத்து, "இது எந்நேரமும் தலைமாட்டிலேயே இருக்கணும்மா, மறந்தும் எடுத்துடாதீங்க" என்றார்.

வாந்தி வந்தால் கம்பியை வெட்டி வாயைத் திறக்க வேண்டும், இல்லையென்றால் மூச்சடைத்துவிடும். இதை அக்காவிடம் ஆஸ்பத்திரியிலேயே சொல்லியிருந்தார்கள். எங்களுக்கும் தெரியும் என்று அவர் நினைத்துக்கொண்டார் போலும். அம்மாவோ விளக்கமே கேட்கவில்லை. ரத்தம் சிந்திய உடம்பு, கன்னிப்பெண். காத்துகருப்பு அண்டாமலிருக்கத் தலைமாட்டில் இரும்பு வைப்பதுதானே வழக்கம்? வெள்ளைக்காரனுக்கே இது தெரிந்திருக்கிறதே என்று மெச்சிக்கொண்டாள். குறட்டுக்குத் திருநீறு பூசி, மஞ்சள் துணியில் சுற்றி, ஏழு முடிச்சுப் போட்டுக் கட்டில் காலில் கட்டினாள்.

அக்கா அவிழ்த்தாள். அம்மா திட்டிவிட்டு மறுபடி கட்டினாள். அக்கா என் சிலேட்டைப் பிடுங்கி என்னவோ எழுதினாள். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. அப்பா தண்டவாள வேலையாகக் கிள்ளான் பக்கம் போயிருந்தார். "நீதான் பள்ளிக்கூடம் போறியே, படிடி" என்றாள் அம்மா என்னிடம். ஆனா ஆவன்னாவைத் தாண்டாத மேதாவி நான். தெரியாது என்று சொல்ல மானம் இடம் கொடுக்கவில்லை. "கஞ்சியில உப்பு பத்தலையாம்" என்றேன்.

அக்கா அழித்து மறுபடி எழுதினாள். நான் மறுபடியும் உப்பு என்றே படித்தேன். அவள் சிலேட்டைப் போட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

மறுநாள் மத்தியானம் அம்மா குழாயடிக்குப் போயிருந்தாள். அக்கா திடீரென்று எழுந்து உட்கார்ந்தாள். தொண்டை குமட்டியது, மூக்கு வழியாகக் கஞ்சி வந்தது, கண் பிதுங்கியது. மஞ்சள் முடிச்சைக் காட்டிக் காட்டிக் கையை உதறினாள். பேய் வந்தேவிட்டது என்று நினைத்தேன். பேய் வந்தால் செய்யவேண்டியது என்று அம்மா சொல்லிவைத்தபடி முடிச்சைக் கட்டில் காலிலிருந்து உருவி, இரண்டு கையாலும் அவள் நெஞ்சில் வைத்து அழுத்தி, முருகா முருகா என்று கத்தினேன். அவள் பிடுங்கினாள். பேய்தான் இரும்பைப் பிடுங்குகிறது என்று நான் விடவேயில்லை.

ஓங்கி ஒரு அறை விட்டாள். நான் சுவரில் போய் விழுந்தேன். நகத்தாலேயே துணியைக் கிழித்து, குறட்டை வாய்க்குள் விட்டுக் கம்பியை ஒவ்வொன்றாக வெட்டினாள். வாந்தியும் ரத்தமும் பாயெல்லாம் கொட்டின. அப்புறம்தான் மூச்சு வந்தது. நான் பாவாடையிலேயே ஒன்றுக்குப் போயிருந்தேன்.

டாக்டர் மறுபடி கம்பி கட்டினார். டிரெசர் வந்து அம்மாவைத் திட்டித் தீர்த்தார். ஒன்றரை மாதம் கழித்துக் கம்பியை எடுத்தபோது அம்மாவின் முதல் கேள்வியே இதுதான்.

"அன்னிக்கு சிலேட்டுல என்னதான்டி எழுதின? இவ சரியாத்தானே படிச்சா?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் அம்மா சேலைக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"சரியாத்தாம்மா படிச்சா" என்றாள், நாக்கு இன்னும் சரியாகப் புரளாமல்.

அடேயப்பா, நமக்குப் படிக்க வந்துவிட்டதே என்று அன்று முழுவதும் குவாட்டர்ஸ் வீடுவீடாகப் போய்ப் பீற்றிக்கொண்டேன்.