தொட்டி வாசலில் ரேடியோ மாமா

"நேத்து சாயங்காலம் உங்க வீட்டுக்கு வந்தாங்களே ரெண்டு பேரு, அதுல யாரு உயரம்?" என்று வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் இவர் தொட்டிக்குள் குனிந்து கேட்கிறார். உள்ளே சுரண்டிக்கொண்டிருப்பவர் "ம்" என்கிறார்.

"ம்முனு சொன்னா செல்லாது. யாரு உயரம்?"

"என் சகலைதான். விடுங்க மாமா, நான் வேலை பாக்கவா, உங்களுக்குக் கதை சொல்லவா?"

இவர் முகத்தில் திருப்தி. ஸ்டூலை, ஆள் இறங்கும் துளையான மேன்ஹோலுக்கு இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, அடுத்த கேள்விக்குத் தொண்டையைச் செருமுகிறார்.

எங்கள் ரசாயன ஆலையில் இவருக்கு ரேடியோ மாமா என்று பெயர். வயது ஐம்பத்தாறு. தொட்டிக்குள் யாராவது இறங்கினால் வெளியே காவல் இருப்பது இவர் வேலை. உள்ளே காற்று கெட்டால் அங்கே இருப்பவருக்கே தெரியாது. முதலில் புத்தி மழுங்கும், பிறகு கால் மடியும். அதனால் இவர் பேச்சை நிறுத்துவதே இல்லை. பதில் தாமதித்தாலோ உளறலாக வந்தாலோ, உள்ளே இருப்பவர் உடம்பில் பூட்டியிருக்கும் கயிற்றை வின்ச் என்கிற கைராட்டினத்தால் சுற்றி மேலே இழுக்க வேண்டும். அபாயச் சங்கை ஊத வேண்டும். தான் மட்டும் உள்ளே இறங்கக் கூடாது.

"யோசிச்சுச் சொல்ற மாதிரி கேக்கணும் சார். சண்டைக்கு இழுத்தா இன்னும் நல்லது. கோவத்துல இருக்கிறவன் டக்குனு பதில் சொல்லிடுவான்" என்பார். இந்தக் கொள்கையால் பாதி ஆலையோடு இவருக்கு மனத்தாங்கல் உண்டு. வீட்டில் இதற்கு நேர்மாறு. "அங்கயே பேசித் தீத்துட்டு வந்துடுறாரு, எனக்குன்னு ஒரு வார்த்தை மிச்சம் வைக்கிறதில்ல" என்று இவர் மனைவி என்னிடமே ஒருமுறை குறைப்பட்டுக்கொண்டார்.

நான் அனுமதிச் சீட்டு எழுதும் குமாஸ்தா. சீட்டில் கையெழுத்து வாங்கியதும் எனக்கு இன்னொரு வேலை இருக்கிறது. மாமா ஒரு கயிற்றைத் தன் பெல்ட்டில் மாட்டி, மறுமுனையைக் கைப்பிடிக் கம்பியில் என்னைக் கட்டச் சொல்வார். முடிச்சு அவர் முதுகுக்குப் பின்னால், அவர் கைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். வின்ச் எட்டும், தொட்டிக்குள் இறங்க மட்டும் கயிறு போதாது. விதிப் புத்தகத்தில் இப்படி எதுவும் இல்லை.

பதினொரு வருடத்துக்கு முன், இதே போன்ற ஒரு தொட்டிக்குள் வேலை செய்த ஒருவர் மயங்கி விழுந்துவிட்டார். காவலுக்கு நின்றவர் மாமாவின் மச்சான், மனைவியின் கூடப்பிறந்தவர். தூக்கிவிடலாம் என்று குதித்தார். இரண்டு பேருமே பிணமாகத்தான் வந்தார்கள். சத்தம் கேட்டு ஓடிவந்த மாமாவும் ஒரு காலை முழங்கால் வரை உள்ளே விட்டிருக்கிறார். யாரோ சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள். "எல்லா விதியும் எனக்கு மனப்பாடம் சார். இந்தக் காலைத்தான் நான் நம்புறதில்ல."

போன மாதம் தொட்டியின் அடியில் ஒரு விரிசல். அதை ஒட்டவைக்கத் தெரிந்த வெல்டர் ஒருவர்தான் இருக்கிறார், அவர் மாமாவின் மாப்பிள்ளை, மகளின் கணவர். மாப்பிள்ளை சொல்லாமல் கொள்ளாமல் வீடு மாற்றிக்கொண்டு போனதில் தகராறாகி, இருவரும் எட்டு மாதமாகப் பேசுவதில்லை. காவலுக்கு வேறு ஆளைப் போடட்டுமா என்று மேற்பார்வையாளர் கேட்டார். "வேண்டாம். வேற யாரு உக்காந்தாலும் அவரு ம்முனு சொன்னா விட்டுடுவாங்க" என்றார் மாமா. நான் முடிச்சுப் போடும்போது, "இன்னொரு தடவ அவகிட்டப் போய் நான் என்னன்னு சொல்றது?" என்று மெதுவாகச் சொன்னார். யாரிடம் என்று நான் கேட்கவில்லை.

மாப்பிள்ளை இறங்கினார். மேலே பத்துப் பேர் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள்.

"வீடு மாத்தினீங்களே, என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா மாப்பிள்ளை?"

"உங்ககிட்ட எதுக்கு? நீங்க காவல் இருக்க அது என்ன தொட்டியா?"

"அந்த வீட்டுல தண்ணி வராதாமே?"

"காலையில ரெண்டு மணி நேரம் நல்லா வருது. உங்க பொண்ணு வத்தி வச்சாளா?"

முக்கால் மணி நேரம் இப்படியே போயிற்று. மாப்பிள்ளை ஒரு பேச்சில்கூட விட்டுக்கொடுக்கவில்லை. மாமாவுக்கு அதில் உற்சாகம் என்றே எனக்குத் தோன்றியது.

"என் பேச்சைக் கேட்டிருந்தா இந்தக் கஷ்டம் உண்டா?"

கொஞ்சம் இடைவெளி. பிறகு உள்ளேயிருந்து, "நீங்க சொல்றது சரிதான் மாமா."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஒருவழியாகச் சமாதானம் ஆகிவிட்டது என்று ஒருவர் கைகூடத் தட்டினார். மாமா சிரிக்கவில்லை. அதற்குள் வின்ச்சைச் சுற்றத் தொடங்கியிருந்தார். "சங்கு ஊதுங்க, சங்கு" என்றார். நான்தான் ஊதினேன். மாப்பிள்ளை தலை தொங்கியபடி மேலே வந்தார். மாமாவின் முதுகுக் கயிறு விறைத்து நின்றதை நான் பார்த்தேன்.

வெல்டிங் வாயு குழாயில் கசிந்து, காற்றைவிடக் கனமானதால் அடியில் தேங்கியிருந்தது. குப்புறப் படுத்தால் மார்பில் குத்துகிறது என்று மாப்பிள்ளை காற்றளக்கும் மீட்டரைக் கழற்றி ஏணியில், உயரத்தில், மாட்டிவைத்திருந்தார். மேலே காற்று நன்றாகத்தான் இருந்தது, அதனால் மீட்டர் கத்தவில்லை.

ஆக்சிஜன் முகமூடிக்குள் அவர் கண் விழித்தார். முகமூடியைக் கொஞ்சம் தள்ளி, "நான் சரின்னு சொன்னது கணக்குல சேராது" என்றார்.

"சேராது மாப்பிள்ளை, சேரவே சேராது" என்றார் மாமா.

ஸ்ட்ரெச்சரைத் தூக்கினார்கள். மாமா கூடவே நடந்தார். நான்கு எட்டில் கயிறு அவரைப் பிடித்து இழுத்தது. கட்டியிருப்பதையே மறந்துவிட்டார். நான் ஓடிப்போய் முடிச்சில் கை வைத்தேன்.

"இருங்க சார், அவுக்காதீங்க" என்றார்.

தொட்டி திறந்தே கிடந்தது. இரண்டு பேர் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமா திரும்பி வந்து, அவர்களை ஒதுக்கிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். மூடி வரும் வரை, மேன்ஹோலுக்குக் குறுக்கே தன் காலை நீட்டி வைத்துக்கொண்டார்.