ஈரத்துணி

கிணத்துக்கடவில் ஒர்க் ஷாப் வைத்திருக்கும் சாமுவேல், தேங்காய் வியாபாரி சென்னியப்பனுடைய பழைய சொகுசு காரின் கோளாறை முதல் நாளே கண்டுபிடித்துவிட்டான். இன்ஜின் சூடேறினால் திக்கித் திணறும். அணைத்தால் மறுபடி கிளம்பாது. இன்ஜினின் சுழற்சியை உணரும் கிராங்க் சென்சார் போய்விட்டது.

"புதுசு மாத்திப்போடலாமுங்ணா" என்றான். அதோடு விடாமல், சூடேறிய அந்த சென்சார்மேல் ஈரத்துணியைப் போட்டுக் குளிரவைத்து, பத்தே நிமிடத்தில் வண்டியைக் கிளப்பியும் காட்டினான். அங்கேதான் மாட்டிக்கொண்டான்.

"அதான் நீங்க இருக்கீங்களே, அப்பறம் எதுக்குங்க மாத்தோணும்?" என்றார் சென்னியப்பன்.

மூன்று வருடமாக, அவர் போகிற கல்யாணம், காதுகுத்து எல்லாவற்றுக்கும் சாமுவேல் ஈரத்துணியோடு முன்சீட்டில் போகிறான். அவர் பந்தியில் இருக்க, இவன் பானட்டைத் திறந்துவைத்து வெயிலில் நிற்பான். சொந்த மகளின் ஞானஸ்நானத்துக்கே கடைசிப் பாட்டுக்குத்தான் போய்ச் சேர்ந்தான். இத்தனை 'ங்க' போட்டுக் கூப்பிடுகிறவரிடம் வரமாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

போன வாரம் அவரிடம் சொல்லாமலே புது சென்சாரை மாட்டினான். ஆனைமலையில் உச்சிவெயிலில், கோயிலிலிருந்து திரும்பிய சென்னியப்பன் சாவியைத் திருகினார். ஒரே திருகில் இன்ஜின் பிடித்துக்கொண்டது.

"சென்சார மாத்திப்போட்டேனுங்ணா. இனி நான் வர வேண்டியதில்லீங்க."

சென்னியப்பனின் முகம் மலர்ந்தது.

"ரொம்ப நல்லதாப் போச்சுங்க! இனி நீங்க வெயில்ல காய வேண்டாம், எங்கூடவே பந்தியில உக்காந்துக்கலாம். ஏறுங்க. ஞாயித்துக்கெழம காலைல வால்பாறை போறமுங்க."