அண்ணியின் ஃப்ரிட்ஜும் என் பிசிக்ஸும்

என் அண்ணியின் ஃப்ரிட்ஜைக் கெடுத்தவன் நான். பழியை அவர் தலையில் ஏற்றியவனும் நானே.

இங்கே கனடாவில் எங்கள் வீட்டுக்குப் புது ஃப்ரிட்ஜ் இறக்க வந்த இளைஞனிடம், "ஐஸ் கரைவதற்கு இதை எப்போதெல்லாம் அணைக்க வேண்டும்?" என்று கேட்டேன். நான் வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கோ கிளம்புகிறேன் என்று எண்ணிக்கொண்டு, "பயணம் நன்றாக அமையட்டும்" என்று கைகுலுக்கிவிட்டுப் போனான். இந்த ஊர் ஃப்ரீசரில் ஐஸ் படிவதே இல்லை என்று பிறகுதான் தெரிந்தது.

அறுபதுகளில் செஞ்சியில் எங்கள் தெருவின் முதல் ஃப்ரிட்ஜ், மெட்ராஸிலிருந்து அண்ணியோடு சீர்வரிசையாக வந்தது. நாங்கள் சமணக் குடும்பம். பொழுது சாய்வதற்குள் சாப்பாட்டை முடித்துவிடுவோம். நேற்று சமைத்ததை இன்று தொடமாட்டோம். "மிச்சமே வெக்காத வூட்டுக்கு இந்தப் பொட்டி இன்னாத்துக்கு?" என்றார் அம்மா. "மல்லிப்பூ வெக்கலாம் அத்தை, அது சமைச்சதில்லையே!" என்றார் அண்ணி. நைனா செய்தித்தாளுக்குப் பின்னால் சிரித்தார். பூவும் எலுமிச்சம்பழமும் உள்ளே குடியேறின. அண்ணி வாரம் தவறாமல் ஸ்விட்சை அணைத்து, ஃப்ரீசருக்குள் வெந்நீர்க் கிண்ணம் வைத்து, கரைந்து விழும் நீரைத் துணியால் ஒற்றி எடுப்பார். கரண்ட் மங்கினால் ஓடிப்போய் அணைப்பார். அந்த வீட்டில் அவருடைய சொல் செல்லுபடியான ஒரே இடம் அதுதான்.

கல்லூரி விடுமுறையில் பக்கத்து ஊரான அனந்தபுரத்திலிருந்து வந்த நண்பர்களுக்கு ஐஸ் காட்ட ஆசைப்பட்டேன். தட்டு உறைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. வெந்நீர் வைத்துக் காத்திருக்கப் பொறுமையில்லாமல், காய் நறுக்கும் கத்தியைச் செருகி நெம்பினேன். உஸ்ஸென்று குளிரூட்டும் வாயு போயிற்று. கதவைச் சாத்திவிட்டு நண்பர்களோடு கோட்டை ஏறப் போய்விட்டேன்.

திரும்பியபோது கூடமெல்லாம் தண்ணீர். "அணைச்சி அணைச்சியே பாழாக்கிட்டா!" என்று அம்மா சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். அண்ணி நம்பிக்கையோடு என் பக்கம் திரும்பினார். "தம்பி பிசிக்ஸ் படிக்கிறவரு. நீங்களே சொல்லுங்க, அணைச்சா கெட்டுப்பூடுமா?"

"கெடலாம் அண்ணி," என்றேன்.

அதன்பின் அந்த ஃப்ரிட்ஜில் புளியும் மிளகாயும் இருந்தன. ரேடியோவைத் திருகக்கூட அண்ணி அம்மாவைக் கேட்க வேண்டியிருந்தது.

போன வருடம் செஞ்சிக்குப் போனேன். புது ஃப்ரிட்ஜ் ஒன்றைக் கொண்டுபோய் இறக்கி, அண்ணன், மருமகள்கள், பேரப்பிள்ளைகள் எல்லோர் முன்னிலும் உண்மையைச் சொன்னேன். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். அண்ணி சிரிக்கவில்லை.

"இத அத்தை உசுரோட இருக்கசொல்லவே சொல்லியிருக்கணும் நீ," என்றார். அவர் வாயிலிருந்து எனக்கு 'நீ' வந்தது அதுவே முதல்முறை. "இந்தப் பொட்டியத் திருப்பி அனுப்பு. அத்தை போனப்புறம் நான் வாங்குன பழைய பொட்டியே நல்லாத்தான் ஓடுது."

மறுநாள் காலை, வெந்நீர்க் கிண்ணமும் துணியுமாக எதிரில் வந்து நின்றார். 'நீங்க' திரும்பியிருந்தது. "வாங்க தம்பி. கத்தி கித்தி எடுத்தீங்க, கைய ஒடிச்சிடுவேன்." மண்டியிட்டுக் கரைத்தேன், மருமகள்கள் வேடிக்கை பார்த்தார்கள். "மூலையில பாருங்க, ஐஸ் அப்படியே இருக்குது," என்று மேலே நின்று விரட்டினார். முடிந்ததும் தீர்ப்புச் சொன்னார்: "இனிமே இது உங்க வேலை. நீங்க வர்ற வரைக்கும் யாரும் தொடக்கூடாது."

சொன்னபடியே இருக்கிறார். "ஃப்ரீசர் கதவு சாத்த மாட்டேங்குது தம்பி, எப்ப வர்றீங்க?" என்று நேற்றுகூடப் போனில் அதட்டினார். பேசிக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தேன். என் வாசலில் விழுந்த பனியை நகராட்சி வண்டி தள்ளிக்கொண்டு போயிற்று. செஞ்சியில் எனக்கென்று ஒதுக்கிய பனி வளர்ந்துகொண்டிருக்கிறது.