பீரோவில் பூட்டிய விதைக்கடலை

சந்தேகம் என் கூடப் பிறந்தது. தில்லியில், வேளாண் ஆராய்ச்சிக்கு அரசு தரும் நிதியைப் பார்த்துக்கொள்ளும் பிரிவில் இருபது வருடம் உட்கார்ந்தால் அது கொழுத்துத்தான் போகும். எந்தக் கோப்பு வந்தாலும் 'இப்போது என்ன அவசரம்?' என்று ஓரத்தில் எழுதித் திருப்பிவிடுவேன். கேள்வி கேட்டவர் யாரும் மாட்டிக்கொண்டதில்லை, பாருங்கள். கையெழுத்துப் போட்டவர்தான் மாட்டுவார்.

எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் கோயம்புத்தூர்க்கார விஞ்ஞானி ஒருவர் இருந்தார். ஆப்பிரிக்க நாடொன்று தன் நிலக்கடலை விதையைப் பெருக்கித் தரச் சொல்லி அவரிடம் அனுப்பியிருந்தது. அங்கே கடும் வறட்சி. மிச்ச விதையையும் சனங்கள் வறுத்துத் தின்றுவிட்டார்கள். அவர் கையில் இருந்ததுதான் கடைசி. அதை வைக்கவேண்டிய குளிர் அறையோ பழுது. அதன் ரிப்பேர் கோப்பை நான் மூன்று முறை திருப்பியிருந்தேன்.

மே மாதத்தில் மனிதர் தினமும் மாலையில் கனத்த பையோடு துவாரகா மெட்ரோவுக்குப் போவதைக் கவனித்தேன். காலையில் பை காலியாகத் திரும்பும். ஏதோ விதைக் கம்பெனிக்கு விற்கிறார், வேறென்ன? கேட்டில் சொல்லிவைத்தேன். காவலாளி பையைத் திறந்து, "மேடம், மூங்ஃபலி ஹை!" என்று சிரித்தான். உள்ளே நிலக்கடலை.

"வீட்டு ஃபிரிட்ஜுல வெக்கறேனுங்க. இங்க இருந்தா வெந்துருமுங்க," என்றார் அவர்.

"அச்சா! அரசாங்க விதைக்கு உங்க வீட்டு ஃபிரிட்ஜா? காதுல பூ சுத்தாதீங்க சார்," என்றேன்.

விசாரணை வைத்தார்கள். அவர் வீட்டில் இருந்ததையும் எடுத்துவரச் செய்து, எல்லாப் பொட்டலத்துக்கும் அரக்கு முத்திரை வைத்து, சாட்சியமாக என் அறை இரும்பு பீரோவில் பூட்டினோம்.

"அதையாவது குளுமையான எடத்துல வையுங்க மேடம். உசுரு போயிருமுங்க," என்று கெஞ்சினார்.

முத்திரையைக் கலைக்கத்தான் வழி பார்க்கிறார் என்று நினைத்தேன். சாவியை என் கிட்வாய் நகர் வீட்டுக்கே கொண்டுபோய்விட்டேன்.

மழைக்காலம் முடிந்தபின் அறிக்கை வந்தது. ஒரு பொட்டலமும் குறையவில்லை, அவர்மேல் குற்றமில்லை. விதையை ஈரச் சாக்கில் பரப்பிப் பத்து நாள் காத்திருந்தார். ஒன்றுகூட முளைக்கவில்லை.

அதற்குள் அந்த நாட்டிலிருந்து கடிதம். அடுத்த மாதம் மழை, விதை எப்போது வரும்? பதில் எழுதும் வேலை என் மேசைக்கே வந்தது. 'எதிர்பாராத காரணங்களால் விதைகள் முளைப்புத்திறனை இழந்தன' என்று எழுதினேன். எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் எழுதி அவரிடம் நீட்டினேன்.

நிதானமாகப் படித்தார்.

"எதிர்பாராததுங்களா? நான் அன்னிக்கே சொன்னனுங்களே, மேடம்."