மாம்பூவுக்கு டிக்கெட் கிடையாது

சாந்தாராம் லோகே இருபத்தாறு ஆண்டுகள் தேவ்கட்–புணே பேருந்தில் கண்டக்டராக இருந்தவர். உலகம் தேவ்கட்டில் தொடங்கி ஸ்வார்கேட் பஸ் நிலையத்தில் முடிகிறது என்பதில் அவருக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. மனித குலத்தையும் அவர் இரண்டே சாதியாகப் பிரித்து வைத்திருந்தார்: ஏறியவர்கள், ஏறாதவர்கள். ஏறியவருக்கு டிக்கெட் உண்டு, ஏறாதவருக்குக் கிடையாது. எல்லா வேதங்களையும் பிழிந்தால் கடைசியில் இந்தச் சாறுதான் இறங்கும் என்பது அவர் கட்சி.

கொள்கை என்றால் வீட்டாருக்கும் கொள்கைதான். கல்யாணமான மறுமாதம் மாமியார் மகளுக்கென்று ஒரு பலாப்பழத்தைச் சுமந்துகொண்டு அவர் பஸ்ஸில் ஏறினார். லோகே மாமியாருக்கு முழு டிக்கெட்டும் பலாப்பழத்துக்கு லக்கேஜ் டிக்கெட்டும் கிழித்துக் கொடுத்தார். அந்தப் பழத்தில் பாதியை அன்றைக்கே அவர்தான் தின்று தீர்த்தார் என்பது வேறு விஷயம். மாமியார் மன்னித்துவிட்டார். மைத்துனர் பிகாஜி தாவ்டே மட்டும் மன்னிக்கவில்லை. முப்பது வருடமாக அந்தப் பலாவின் பிசின் அவர் மனசில் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஓய்வு பெற்ற லோகேவுக்கு மிஞ்சியவை அறுபது ஹாபுஸ், அதாவது அல்போன்சா, மாமரங்கள். மரம் பூத்ததும் பிகாஜி வருவார், அண்ணாந்து பார்ப்பார், ஒரு விலை சொல்வார், தோப்பைக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டு போவார். அந்த விலையைக் கேட்டுக் கூச்சத்தில் பூக்கள் உதிர்ந்ததை லோகே கண்ணால் பார்த்திருக்கிறார். இந்த வருடம் அவர் முரண்டு பிடித்தார். குடாளில் நடந்த மூன்று நாள் பயிற்சிக்குப் போய் இணையத்தில் கடை வைக்கக் கற்றுக்கொண்டு வந்தார். பணம் இப்போது, பழம் ஏப்ரலில் என்று முன்பதிவு வாங்குவது ஏற்பாடு. விற்பது எங்கே? வேறெங்கே, புணேயில். அதற்கு அப்பால்தான் உலகம் இல்லையே.

மனைவி சுலபா பாங்டா மீனை அலசிக்கொண்டே தீர்ப்புச் சொன்னாள். "மார்ச்சுல வர்ற ஷிம்கா பண்டிகைக்குள்ள நூறு பெட்டி புக் ஆகணும். கைக்காசு ஒரு பைசா போகக்கூடாது. இல்லேன்னா தோப்பு என் தம்பிக்கு."

"உன் தம்பியா, என் எமனா?"

"ரெண்டும் ஒரே ஆள்தான். எமன் வந்தா டீ கேக்க மாட்டான், அவ்வளவுதான் வித்தியாசம்."

லோகே கணினி முன் உட்கார்ந்தார். பார்சல் கட்டணத்தை எடைப்படி அமைத்தார். ஒரு கிலோ வரை எண்பது ரூபாய், எட்டுக் கிலோ வரை இருநூற்றைம்பது. கையிருப்பில் இருந்த கோகம் சர்பத் பாட்டில் ஒரு கிலோ. சரி. அடுத்து மாம்பழம், இரண்டு டஜன் பெட்டி. எடை என்ன என்று கடை கேட்டது.

இங்கேதான் இருபத்தாறு வருட நேர்மை விழித்துக்கொண்டது. பழம் ஏது? மரத்தில் இருப்பது பூ. அவர் எழுந்து போய் ஒரு பூங்கொத்தை ஒடித்து வந்து சமையலறைத் தராசில் வைத்தார். முள் அசையவில்லை. இன்னும் ஒரு கொத்து வைத்தார். முள் அவரைப் பார்த்துச் சும்மா இருந்தது. ஏறாத பயணிக்கு டிக்கெட் கிழிப்பது பாவம். ஏப்ரலில் பழம் வண்டி ஏறும்போது கட்டணத்தை வாங்கிக்கொள்ளலாம். எடை என்ற கட்டத்தில் பூஜ்யம் என்று அடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனார்.

புணே மக்கள் பொங்கி எழுந்தார்கள். முதல் வாரம் நாற்பது பெட்டி, இரண்டாம் வாரம் தொண்ணூறு. ஷிம்காவுக்குப் பத்து நாள் இருக்கும்போது இருநூற்றுப் பதினாலு. ஹாபுஸின் மகிமை என்று லோகே மார்தட்டினார். அன்று பார்த்து பிகாஜி வந்தார், சுலபா சொன்னபடி டீ கேட்டார். அத்தானை அவர் பாவோஜி என்றுதான் அழைப்பார்.

"பாவோஜி, நானும் உங்க கடையில ரெண்டு பெட்டி புக் பண்ணிட்டேன். புணேல இருக்கற பொண்ணுக்கு. உங்களுக்கு எவ்வளவு பெரிய மனசு! பார்சல் இலவசமாமே?"

"இலவசமா? எவன் சொன்னான்?"

"உங்க கடைதான் சொல்லுது. பச்சை எழுத்துல, ஒவ்வொரு பெட்டிக்குப் பக்கத்துலயும்."

சுலபா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். எடை பூஜ்யம் என்றால் கட்டணமும் பூஜ்யம் என்று கடை தன் கடமையைச் செய்திருந்தது. பெட்டிக்கு இருநூற்றைம்பது வீதம் ஐம்பத்து மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய் லோகே தலையில். பிகாஜி இன்னொரு டீ கேட்டார். "காய் கோலிக்குண்டு அளவு வந்தாலும் பரவால்ல, தோப்பை நான் குத்தகைக்கு எடுத்துக்கறேன். ஷிம்காவுக்கு வரேன்."

லோகே எல்லோருக்கும் செய்தி அனுப்பினார்: பதிவு என்பது இருக்கை மட்டுமே, பார்சலுக்கு டிக்கெட் பிறகு கிழிக்கப்படும். கால் மணி நேரத்தில் சதாசிவ் பேட்டையிலிருந்து வைஜயந்தி பாகவத் என்ற அம்மாள் அழைத்தார்.

"நீங்க தெளிவா எழுதியிருக்கீங்க. 'பார்சல்: இலவசம்.' நாலு தடவை படிச்சேன். படம் பிடிச்சும் வெச்சிருக்கேன்."

"அது அன்னைக்கு இருந்த நிலவரம் அம்மா. பூவுக்கு ஏது எடை?"

"பழத்துக்கான காசை மட்டும் பூவுலயே வாங்கினீங்களே. அதுக்கு எடை இருந்துதா?"

நியாயம் அம்மாளின் பக்கம் இருந்தது. அதைவிடக் கொடுமை, அம்மாளின் பக்கம் முப்பத்தோரு பேர் கொண்ட வாட்ஸ்அப் குழுவும் இருந்தது.

இரண்டு நாள் லோகே சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா என்றுகூடப் பார்க்கவில்லை. தோப்புக்குப் போய் மரம் மரமாகத் தொட்டுவிட்டு வந்தார். மூன்றாம் நாள் காலை குளித்து, பொட்டிட்டு, புதிய செய்தி அனுப்பினார்: "சொன்ன சொல் மாறாது. பார்சல் இலவசம். பழத்தை நானே ஸ்வார்கேட் பஸ் நிலையத்துக்குக் கொண்டுவந்து தருவேன். ஏப்ரல் இருபது, மதியம் ஒன்று முதல் நான்கு வரை மட்டும். வீட்டு வாசலில் வேண்டுவோர் இருநூற்றைம்பது ரூபாய் அனுப்பவும்."

"ஏங்க மத்தியானம்? பஸ்ஸு காலைலயே போய்ச் சேந்துடுமே?" என்றாள் சுலபா.

"இருபத்தாறு வருஷம் அந்த ஊர் பேட்டைகள்ல மத்தியானம் எனக்கு ஒரு டீ கிடைச்சதில்ல. கடைக்காரன், கணக்கன், காவல்காரன், காவல் நாய், ஒண்ணுலேர்ந்து நாலு வரைக்கும் எல்லாம் தூக்கம். ஒருதரம் பிள்ளையாரே தும்பிக்கையைத் தலைக்கு வெச்சுப் படுத்திருந்த மாதிரி தெரிஞ்சுது."

வைஜயந்தி அம்மாள் மறுபடி அழைத்தார். "காலைல பதினோரு மணி வைக்கலாமே?"

"முடியாது அம்மா."

"நாலே காலுக்கு?"

"திரும்புற பஸ் கிளம்பிடும்."

"இது பெரிய அநியாயம்."

"இல்ல அம்மா, இலவசம்."

"பணத்தை எந்த நம்பருக்கு அனுப்பணும்?"

ஷிம்காவுக்கு முதல் நாள் வரை இருநூற்றொரு பெட்டிக்குக் கட்டணம் வந்து சேர்ந்தது. மீதிப் பதின்மூன்றில் இரண்டு பிகாஜியுடையவை. பதினொன்று புணேயில் தூக்கம் வராத நோயாளிகளுடையவை என்று லோகே அனுமானித்தார். அவற்றை ஸ்வார்கேட் வரை ஓசியில் ஏற்றிக்கொள்ள, மற்ற பெட்டிகளை வீடு வீடாகக் கொண்டுபோக அமர்த்திய பார்சல் வண்டிக்காரர் ஒப்புக்கொண்டார். இருநூறு பெட்டி ஏற்றுகிறவருக்கு அது கொசுறு.

பண்டிகையன்று பிகாஜி முன்பணத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தார். சுலபா அவருக்குப் பூரண்போளி வைத்து, நெய் ஊற்றி, அவர் இரண்டாவது போளியைப் பிட்டு வாயில் போடும்வரை பொறுத்திருந்தாள்.

"தோப்பு இல்ல, பிகாஜி."

"அடுத்த வருஷம் பாக்கலாம், அக்கா."

"பாரேன். வேலிக்கு அந்தாண்ட நின்னு பாரு."

பிகாஜி போளியை மென்று முடித்தார். கை கழுவினார். வாசல் வரை போனவர் தயங்கி நின்று, முன்பணம் வைத்திருந்த பையிலிருந்தே ஐந்நூறு ரூபாயை எடுத்து லோகேயின் கையில் வைத்தார்.

"ரெண்டு பெட்டியையும் பொண்ணு வீட்டு வாசலுக்கே அனுப்பிடுங்க பாவோஜி. மாப்பிள்ளை சதாசிவ் பேட்டைக்காரர். மத்தியானத்துல நான் யாரை எழுப்புவேன்?"

லோகே பணத்தை வாங்கிக்கொண்டு முறைப்படி ரசீது எழுதிக் கொடுத்தார்.