ஜெசிந்தா அக்கா கேட்ட ஒரு பக்கம்

செவ்வாய்க்கிழமை காலை பல் துலக்கிக்கொண்டிருந்தபோது ஏற்காட்டுப் பக்கம் செம்மநத்தத்திலிருந்து போன். "ஏனுங்க சார், அக்கா போயிட்டாங்க. நாளைக்குப் பதினோரு மணிக்கு மாதா கோயில்ல அடக்கப் பூசைங்க," என்றார் ஜெசிந்தா அக்காவின் தம்பி. சரி என்றேன்.

ஏற்காட்டுப் பள்ளியில் படித்த உங்களில் பலருக்கு அவரை அங்கே ஆபீஸில் டி.சி. எழுதித் தந்தவராகத்தான் தெரியும். வயதான பாதிரியார் ஒருவரிடம் லத்தீன் கற்று, கணித மேதைகளின் மூல நூல்களைத் தமிழில் பெயர்த்து எழுதிக்கொண்டிருந்தார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? நான் சேலத்தில் கல்லூரியில் கணிதம் நடத்தியவன். ஏழு வருடம், சனிக்கிழமைதோறும் பஸ் ஏறிப் போய் அவர் எழுதியதைச் சரிபார்த்தேன். கொண்டை ஊசி வளைவுகள் என் குடலைப் பிடுங்கிவிடும். "மூஞ்சியே சரியில்லீங்க சார், மொதல்ல இந்த மோரக் குடிங்க," என்பார்.

அவர் வேலை செய்யும் விதம் என்னைப் படுத்தி எடுத்தது. மூலத்தில் உள்ள ஒவ்வொரு கணக்கையும், இன்றைய குறுக்குவழி எதுவும் இல்லாமல், அந்தக் காலத்து முறையிலேயே போட்டுப் பார்த்த பிறகுதான் தமிழில் எழுதுவார். "அவரு கை போன வழியில நம்ம கையும் போவோணுமுங்க, அப்பறந்தான் தமிழு." ஒரு பக்கத்துக்கு ஒரு வாரம். இப்படியே போனால் நாம் இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிடுவோம் என்று ஒருநாள் எரிந்து விழுந்தேன். சிரித்துவிட்டு அடுத்த வரிக்குப் போனார்.

கண் பார்வை போன பின்பும் பிறரை எழுதவைத்துக் கணிதம் செய்தாரே, அந்த சுவிட்சர்லாந்துக்காரரின் நூலில்தான் எங்களுக்குள் முறிந்தது. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, ஒன்றைக் கூட்டி, மறுபடி கழித்து, முடிவில்லாமல் போனால் விடை அரை என்று ஓரிடத்தில் வாதிடுகிறார். நான் வகுப்பில் நடத்திய பாடப்படி அதற்கு விடையே கிடையாது. அட்டையில் என் பெயரும் வரப்போகிறது. கூட வேலை பார்த்தவர்கள் சிரிப்பார்களே என்று பயந்து, அக்காவிடம் சொல்லாமல் அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டு அச்சுக்கு அனுப்பினேன்.

திருத்திப் பார்க்க அச்சகத்திலிருந்து மெய்ப்பு வந்ததும் கண்டுபிடித்துவிட்டார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"பெரிய மனுசன் தடுமாறுன எடமுங்க அது. அதயும் எடுத்துப்போட்டா, என்னைய மாதிரி ஆளு அவருகிட்டப் போயி நிக்கறது எப்பிடிங்க? அந்தப் பக்கம் வந்தாத்தான் புஸ்தகம் வரோணும்."

அடுத்த மாதம் சேர்த்துவிடுகிறேன் என்றேன். இரண்டு வருடம் இழுத்தடித்தேன். சனிக்கிழமைப் பஸ்ஸையும் விட்டேன். முழங்கால் வலி என்று பொய் சொன்னேன். கிறிஸ்துமஸுக்கு மட்டும் போன் செய்வார். "நொம்ப நாளாச்சுங்க சார், ஒடம்பு எப்பிடி?" என்பார். வைக்கும் முன், "பக்கம் சேத்தியாச்சுங்களா?" நான் ஏதாவது மழுப்புவேன். புத்தகத்தைப் பார்க்காமலே அவர் போய்விட்டார். ஈனத்தனம் என்பதற்கு வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை.

அடக்கம் முடிந்து இறங்கி வந்த அன்றே அந்தப் பக்கத்தைச் சேர்த்தேன். அடியில், "இதை முதலில் எடுத்தவன் நான். பயந்து எடுத்தேன்," என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அசிங்கமாகத் தெரியாதா சார் என்று அச்சகத்தில் கேட்டார்கள். தெரியட்டும் என்றேன். தப்பை மறைக்காத அந்தப் பிடிவாதம் ஒன்றுதான் அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது. அவர் உயிரோடு இருந்து கேட்டபோது அதை எடுத்துக்கொள்ள எனக்குத் துப்பில்லை.