வடக்கு மூலையில் தெரிந்த புள்ளிகள்

எனக்குக் கூச்சம் அதிகம், படிப்பும் ஐந்தாவதுதான். அதனால் இதை யாரிடமும் சொன்னதில்லை.

எழுபதுகளில் என் தம்பி பட்டணத்து விமான நிலையத்தில் ராடார் மெக்கானிக். ஒரு பனிக்காலத்தில் வாடிய முகத்தோடு, பட்டணத்துக்கு வடக்கே ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் ஊர் பழவேற்காட்டுக்கு வந்தான். சாயங்காலமானால் திரையின் வடக்கு மூலையில், விமானமே இல்லாமல் புள்ளி புள்ளியாகத் தெரிகிறதாம். பழுதைக் கண்டுபிடிக்காவிட்டால் வேலை போய்விடுமாம்.

"அந்தப் பாழாப்போன மிஷினை ஏரியில தூக்கிப் போடு" என்றேன்.

அப்போது ஏரியிலிருந்து பூநாரைக் கூட்டம் கத்திக்கொண்டு எழும்பியது.

"எத்தினி மணிக்குடா புள்ளி தெரியுது?"

"ஆறுக்கு. இன்னாத்துக்குக் கேக்குற?"

வெட்கத்தோடு வானத்தைக் காட்டினேன்.

"போக்கா, பிளேனைப் பாக்குற மிஷின் அது!" என்று சிரித்தவன், கைக்கடிகாரத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினான்.

அடுத்த வாரம் கார்டு வந்தது: "பூநாரைதான் அக்கா. மிஷினில் பழுதில்லை. என் வேலையும் தப்பியது."

நான் திட்டிய மிஷின், அத்தனை தூரத்திலிருந்து எங்கள் ஏரிப் பறவைகளைச் சரியாகப் பார்த்திருக்கிறது. இன்றும் பூநாரை எழும்பினால், மனசுக்குள் அந்த மிஷினிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.